ரிமாண்டு, விளக்கமறியல், நீதிமன்றக் காவல்

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் போன்ற கரையூர்களில் ஒரே நிலையைக் குறிக்க இரண்டு சொற்கள் காதில் விழுகின்றன. உள்ளூர் வழக்கில் பிடிபட்டவரை ‘ரிமாண்டு பண்ணிவிட்டார்கள்’ என்பார்கள். எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற விசைப்படகு மீனவர்களைப் பற்றி ஊர்காவற்றுறையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வரும் செய்தி, அவர்கள் ‘விளக்கமறியலில்’ வைக்கப்பட்டதாகச் சொல்லும். பொருள் ஒன்றுதான்: குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரை, வழக்கு முடிவதற்கு முன்பே நீதிபதியின் ஆணைப்படி காவலில் வைத்தல்.

ரிமாண்டு, இலத்தீனில் ‘திரும்ப ஒப்படை’ என்னும் பொருளுடைய ‘ரெமாந்தாரே’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. நீதிபதி முன் கொண்டுவரப்பட்டவரை மீண்டும் காவலுக்கே அனுப்புவதால் அப்பெயர். மேல்நீதிமன்றம் ஒரு வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவதையும் வழக்கறிஞர்கள் ரிமாண்டு என்றே சொல்வதற்குக் காரணம் இந்த மூலப்பொருள்தான்.

விளக்கமறியல் ஈழத்து நீதிமன்றத் தமிழ். அங்கே ‘விளக்கம்’ என்றால் வழக்கு விசாரணை; ‘மறியல்’ என்றால் சிறை. மறி என்னும் வினைக்குத் தடுத்தல், திருப்புதல் என்ற இரு பொருளும் பழந்தமிழிலிருந்தே உண்டு என்பதால், இலத்தீன் சொல்லின் கருத்தும் இதில் தற்செயலாக அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் மறியல் கள்ளுக்கடை மறியலாகவும் சாலை மறியலாகவும் வேறு வழியில் போய்விட்டது. விளக்கமறியலில் இருப்போரை விடுவிக்கக் கோரி அவர்களுடைய வீட்டார் தங்கச்சிமடத்தில் சாலை மறியலில் உட்காரும்போது, ஒரே சொல் பாக் நீரிணையின் இரு கரையிலும் நேரெதிர் வேலை செய்கிறது.

‘போலீஸ் ரிமாண்டு பண்ணியது’ என்று சொல்வது பிழை. கைது செய்வதே காவல்துறையின் அதிகாரம். அதற்கு மேல் வைத்திருக்க நீதிபதியின் ஆணை வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றும், கைதுக்கான காரணத்தைச் சொல்லி, அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்றும் இந்திய அரசமைப்பின் 22ஆம் உறுப்பு கூறுகிறது. கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியாவது கையொப்பமிட வேண்டும், கைதை உறவினர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன, டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் அடங்கும். ஆகவே 24 மணி நேரம் கடந்தும் ‘விசாரணைக்காக வைத்திருக்கிறோம்’ என்று நிலையத்தில் சொல்லப்பட்டால், அதற்கு நடுவரின் ஆணை இருக்கிறதா என்று கேட்க வீட்டாருக்கு முழு உரிமை உண்டு. இலங்கையிலும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இதே 24 மணி நேர வரம்பைத்தான் பொது விதியாக வைத்திருக்கிறது.

நடுவர் தரும் காவல் இரு வகைப்படும். சிறையில் வைப்பது நீதிமன்றக் காவல். விசாரணைக்காகக் காவல்துறையிடமே ஒப்படைப்பது போலீஸ் காவல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவுப்படி, போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேற்படக் கூடாது. அதற்கு ஆணையிடும் ஒவ்வொரு முறையும் கைதானவர் நேரில் நிறுத்தப்பட வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கக் காணொலி போதும். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் புலனாய்வு முடியாவிட்டால், பிணை கொடுக்க முன்வருபவரை விடுவித்தாக வேண்டும்.

நிகர்ச்சொல்லாக ‘நீதிமன்றக் காவல்’ நம் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. ஆணை யாருடையது என்பதைப் பெயரிலேயே காட்டுவதால் அது நல்ல சொல். ஆனால் ரிமாண்டின் இரு வகைகளில் ஒன்றை மட்டுமே அது குறிக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘காவலில் வைக்க ஆணையிட்டார்’ என்று வினையாக எழுதுவதே என் பரிந்துரை. விளக்கமறியலை இங்கே கொண்டுவரலாமே என்பாரும் உண்டு. மறியல் என்றதும் பேருந்து நிற்பதை நினைக்கும் வாசகருக்கு அது குழப்பமே தரும். இலங்கை வழக்குகளைப் பற்றிய செய்தியில் மட்டும் அச்சொல்லை மாற்றாமல் எழுதுவது நன்று, ஏனெனில் அந்த நீதிமன்றத் தாள்களில் குடும்பத்தார் காணப்போவது அதைத்தான்.