உப்புக்காற்றும் சீமெந்துச் சுவரும்: வீட்டு ஸ்டூடியோவில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஹெட்போனுக்குள் ஒரு பொரிச்சல். பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை, ஆனாலும் கேட்கிறது. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் கண்டன்சர் மைக் வைத்திருப்பவர்கள் இந்தச் சத்தத்தை எப்போதாவது சந்தித்தே தீருவார்கள். வயரை மாற்றிப் பார்ப்பார்கள், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்பேஸை மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் மைக் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: மைக் ஈரம் குடித்திருக்கிறதா?

கண்டன்சர் மைக்கின் தலைக்குள் சில மைக்ரோன் தடிப்பே உள்ள, உலோகம் பூசிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் இடையே மின்னூட்டம் நிற்கிறது. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது அந்த இடைவெளி கூடிக் குறைகிறது. அதுதான் மின் சைகையாக வெளியே வருகிறது. மின்னூட்டம் கசியாமல் இருக்க உள்ளே ஜிகா ஓம் கணக்கில் மின்தடை வேண்டும். உப்பும் தூசியும் படிந்த இடத்தில் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் ஒழுக வழி கிடைத்துவிடும். ஒவ்வொரு ஒழுக்கும் காதில் ஒரு 'பொட்'.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மைக்குக்கு வயர் வழியாகப் போகும் 48 வோல்ட் மின்சாரத்தை (பான்டம் பவர்) நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மைக்கைக் கழற்றுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் அளவு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் அவை நிரம்பிவிட்டன. அவற்றை ஒவன் அடுப்பில் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் திரும்பவும் பாவிக்கலாம். வெயிலில் வைப்பது, ஹெயார் டிரையர் பிடிப்பது, அரிசிக்குள் புதைப்பது மூன்றும் வேண்டாம். அரிசித் தவிடு சவ்வில் ஒட்டினால் ஈரத்தைவிடப் பெரிய தொல்லை. ஏசி அறையில் கிடந்த மைக்கை வெளிக்காற்றுக்குக் கொண்டு வரும்போதும் கவனம் தேவை. பிரிட்ஜில் இருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோலச் சவ்வும் வியர்க்கும். அரை மணித்தியாலம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கடலோரத்தில் ஒரே ஒரு மைக் வாங்கப் பணம் இருந்தால் டைனமிக் மைக் வாங்குவதே புத்தி. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் அதற்கு இந்த நோய் கிடையாது.

பொரிச்சல் இல்லாமல் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓர் ஓசை தொடர்ந்து வந்தால் கதை வேறு. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஓசை 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் இருந்தால் அது மின் இணைப்பிலிருந்து வருகிறது. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விட்டுப் பாருங்கள். ஓசை நின்றால் குற்றவாளி எர்த் வளையம்: இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக் வழியாக எர்த்துக்குப் போய், ஓடியோ வயர் வழியாகவும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வெளி இரைச்சலை அடக்கும், மூன்று இணைப்புள்ள பலன்ஸ்ட் வயராக மாற்றுங்கள். ஓசையை நிறுத்துவதற்காக எர்த் முள்ளை உடைப்பவர்கள் உண்டு. பழுதான ஒரு கருவியின் உலோக உடலிலும் கையில் பிடித்த மைக்கிலும் 230 வோல்ட் நிற்கக்கூடும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

'ர்ர்ர்' என்று கரகரத்தால் சுவரில் இருக்கும் பேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். இலத்திரனியல் ரெகுலேட்டர் மின்அலையை வினாடிக்கு 100 தடவை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. எலெக்ட்ரிக் கிற்றார் அதை வானொலிபோலப் பிடித்துக்கொள்ளும். பேனை முழு வேகத்தில் விட்டாலோ நிறுத்தினாலோ அடங்கும்.

அடுத்தது அறை. பதிந்தவற்றைக் கலந்து பாட்டாக்கும் மிக்ஸிங் பலருக்குப் பிழையாவது இங்கேதான், பழி மென்பொருளின் தலையில் விழுகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் நீளம் 3.05 மீற்றர். 349ஐ அதன் இருமடங்கால் வகுத்தால் 57 ஹேர்ட்ஸ்: இரண்டு சுவருக்கும் இடையே நின்று அதிரும் அலை. அந்த அலை சுவரோரத்தில் வீங்கி, அறை நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கதிரையை நடுவில் போட்டு மிக்ஸ் செய்பவருக்கு பேஸ் (அடித்தொனி) போதாது என்று தோன்றும், கூட்டிக்கொண்டே போவார். அதே பாட்டை ஓட்டோவில் போட்டால் கதவு அதிரும். கதிரையை முன்சுவரில் இருந்து நீளத்தின் 38 வீதத்தில், அதாவது 3.8 அடியில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு சதம் செலவில்லை.

முட்டை அட்டை ஒட்டுவதால் பேஸ் அடங்காது. 5 சென்ரிமீற்றர் பஞ்சு சுவரோடு ஒட்டி நன்றாக உறிஞ்சுவது சுமார் 1,700 ஹேர்ட்ஸுக்கு மேலேதான். 100 ஹேர்ட்ஸ் அலைக்கு, அலைநீளத்தில் கால்பங்கு என்ற அந்தக் கணக்கில், 87 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். அதனால் மூலைகளில் பழைய தும்பு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்துவது அட்டையைவிட எவ்வளவோ மேல். குரல் பதிவுக்கு மெத்தையை மைக்கின் பின்னால் வைக்காதீர்கள். முன்பக்கம் வருவதையே அதிகம் கேட்கும் கார்டியொயிட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது பாடகருக்குப் பின்னால் உள்ள சீமெந்துச் சுவரை. மெத்தை அங்கே தொங்க வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பொப் பில்டர். 'பாப்பா' என்று சொல்லிப் பாருங்கள், காற்று மைக்கில் மோதினால் உடனே தெரியும்.

பதிவு அளவை ஒலிமட்டம் காட்டும் மீற்றரின் உச்சியில் நிறுத்துவது கசெட் காலத்துப் பழக்கம். 24 பிட் டிஜிட்டல் பதிவில் உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாவிட்டாலும் எதுவும் குறையாது. பூச்சிய டெசிபெல்லில் முட்டி வெட்டுப்பட்ட குரலைத்தான் முழுதாகத் திருத்த முடியாது.

பாடும்போது தன் குரல் பிந்திக் கேட்டால் பபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) குறையுங்கள். வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் 44.1 கிலோ ஹேர்ட்ஸில் பபர் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெக்கன் தாமதம், 128 என்றால் 3. மிக்ஸிங்கில் சத்தம் விட்டு விட்டு வந்தால் மறுபடி 1024க்கு ஏற்றுங்கள். கரோக்கி ட்ராக் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறி வேகமாக ஓடுகிறதா? 44.1இல் செய்ததை 48இல் ஓட விட்டிருக்கிறீர்கள்; மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 45 செக்கனில் முடிந்துவிடும்.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிந்தால் தொப்பியின் (இடப்பக்கத்தின்) 'கும்' என்ற ஆழ்ந்த ஒலி, அதாவது கும்காரம், மெலிந்து போவது உண்டு. ஒரு பக்கச் சவ்வு உள்ளே போகும்போது அடைபட்ட காற்று மற்றப் பக்கத்தை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிராய்ப் பதிந்ததைக் கூட்டினால் அடிச்சுரம் ஒன்றையொன்று தின்றுவிடும். தொனியைத் திருத்தும் ஈக்யூவைத் தொடுமுன் ஒரு ட்ராக்கின் துருவத்தைப் புரட்டும் (அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானை அமத்துங்கள். பாட்டை மோனோவில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானை மாறி மாறி அமத்திக் கேளுங்கள். கும்காரம் எப்போது நெஞ்சில் படுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.