டொமைன் வாங்கியாச்சு, ஹோஸ்டிங்கும் எடுத்தாச்சு: இரண்டும் எப்படிச் சேர்கின்றன?

காசு கொடுத்து வாங்கிய டொமைனுக்குள், அதாவது தளத்தின் பெயருக்குள், இணையதளம் எதுவும் இருப்பதில்லை. நமக்குக் கிடைப்பது ஒரு பதிவேட்டில் ஒரு வரி, அதுவும் ஆண்டுக் கணக்கில். .காம் என்று முடியும் பெயர்களுக்கெல்லாம் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். நாம் பணம் கட்டும் ரெஜிஸ்ட்ரார், நம் சார்பில் அதில் எழுதிக் கொடுப்பவர். ஹோஸ்டிங் என்பதோ எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரில் நம் கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம். பதிவேட்டுக்கு அந்த சர்வரைத் தெரியாது. சர்வருக்கும் நம் பெயர் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கினால் பெரும்பாலும் அவர்களே சேர்த்து வைத்துவிடுவார்கள். தனித்தனியாக வாங்கினால் இரண்டு பக்கமும் நாம்தான் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொல்லிவிட்டு, தளம் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் பக்கம் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் அமைப்பு. பிரவுசரில் எக்ஸாம்பிள்.காம் என்று தட்டினால், கணினிக்கு வேண்டியது 203.0.113.10 மாதிரியான ஓர் ஐபி எண், அதாவது சர்வரின் முகவரி. (இந்தப் பெயரும் எண்ணும் இப்படி உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.) கணினி அதைத் தானே தேடிப் போவதில்லை. ரிசால்வர் எனப்படும் சர்வரிடம் கேட்கிறது. ரிசால்வருக்கு விடை தெரியாவிட்டால் அது மேலிருந்து விசாரித்துக்கொண்டு வரும். உச்சியில் இருப்பவை ரூட் சர்வர்கள்; ஏ முதல் எம் வரை 13 பெயர்கள்தான், ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள். ரூட் சர்வர் எண்ணைச் சொல்லாது, .காம் சர்வர்களைக் கைகாட்டும். .காம் சர்வரும் நம் தளத்தின் எண்ணைச் சொல்லாது. அதனிடம் இருப்பது, நம் பெயருக்குப் பொறுப்பான நேம்சர்வர்கள் எவை என்ற குறிப்பு மட்டுமே. அந்த நேம்சர்வரைக் கேட்டால்தான் எண் கிடைக்கும். எண் எழுதியிருக்கும் வரிக்குப் பெயர் ஏ ரெக்கார்டு.

இதிலிருந்தே இணைப்பதற்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் நேம்சர்வர்களையே மாற்றி, ஹோஸ்டிங் நிறுவனம் கொடுக்கும் பெயர்களைப் போட்டுவிடலாம். அல்லது நேம்சர்வர்களைத் தொடாமல், இருக்கிற இடத்திலேயே ஏ ரெக்கார்டில் ஹோஸ்டிங்கின் ஐபி எண்ணை மட்டும் எழுதலாம். முதல் வழி சுலபம் என்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் சொல்வது புதிய டொமைனுக்குச் சரி. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் டொமைனாக இருந்தால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஏனென்றால் மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் அதே நேம்சர்வரில்தான் இருக்கிறது. நேம்சர்வரை மாற்றினால் பழைய ரெக்கார்டுகள் தாமாகக் கூட வருவதில்லை. தளம் ஜோராகத் திறக்கும். மின்னஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய ரெக்கார்டுகளை எல்லாம் புதிய இடத்தில் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். www என்று தொடங்கும் பெயர் தனிப்பெயர் என்பதால் அதற்கும் ஒரு ரெக்கார்டு வேண்டும்.

சரி, எழுதியாயிற்று. அப்புறம் ஏன் "24 முதல் 48 மணி நேரம் ஆகலாம்" என்கிறார்கள்? நாம் செய்த மாற்றத்தை யாரும் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நேம்சர்வரில் எழுதிய நிமிடத்திலேயே அது அங்கே நடப்புக்கு வந்துவிடுகிறது. தாமதம் பழைய விடையால் வருகிறது. ஒருமுறை கிடைத்த விடையை ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை அந்த விடையோடு வரும் டிடிஎல் சொல்கிறது, விநாடிக் கணக்கில். 3600 என்றால் ஒரு மணி நேரம். .காம் சர்வர்கள் தரும் நேம்சர்வர் குறிப்புக்கு டிடிஎல் 1,72,800 விநாடி, அதாவது சரியாக இரண்டு நாள். 48 மணி நேரக் கணக்குக்கு இது ஒன்றே போதும். பக்கத்து வீட்டில் புதிய தளமும் நம் வீட்டில் பழைய தளமும் தெரிவது இதனால்தான்: அங்கே வேறு ரிசால்வர், வேறு காலாவதி நேரம்.

"அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற விடையையும் ரிசால்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ரெக்கார்டு எழுதும் முன்பே ஆர்வத்தில் பிரவுசரைத் தட்டிப் பார்த்தவர், எழுதிய பிறகும் அந்த "இல்லை"யையே பார்க்க நேரலாம். தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றப் போகிறவர்கள் ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை 300 மாதிரி சிறிய எண்ணாக முன்கூட்டியே குறைத்து வைப்பார்கள். மாற்றும் அன்று குறைத்துப் பயனில்லை. பழைய டிடிஎல்லோடு போன விடைகள் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன.

இனி இரண்டாவது பக்கம். ஐபி எண் கிடைத்துவிட்டது, பிரவுசர் சர்வரின் கதவைத் தட்டுகிறது. ஆனால் பகிர்ந்த ஹோஸ்டிங்கில் ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். எதைக் கொடுப்பது? பிரவுசர் தன் கோரிக்கையிலேயே டொமைன் பெயரையும் எழுதி அனுப்புகிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்காக 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 விதிமுறை இந்த ஹோஸ்ட் என்ற வரியைக் கட்டாயமாக்கியது. சர்வர் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடி, அதற்குரிய கோப்புறையைத் திறக்கிறது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான பேனலில் டொமைனைச் சேர்க்கச் சொல்வது இந்தப் பட்டியலில் இடம்பெறத்தான். சேர்க்காவிட்டால் டிஎன்எஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும், சர்வரின் பொதுவான வரவேற்புப் பக்கமோ வேறு யாருடைய தளமோதான் வரும்.

தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான பேச்சைப் பூட்டிப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கும் வரிசை உண்டு. சான்றிதழ் தருபவர் பொதுவாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே வந்து, சர்வர் நம்முடையதுதானா என்று சோதிக்கிறார். பெயர் இன்னும் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சோதனை தோற்கும். பூட்டுச் சின்னம் வரவில்லையே என்று பதறாமல், முதலில் டிஎன்எஸ் மாறட்டும்.

காத்திருக்காமல் தளத்தைப் பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைக்கும் வரை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கத்தின் மிச்சமாக ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் புதிய ஐபி எண்ணையும் டொமைன் பெயரையும் ஒரு வரியில் எழுதினால், அந்தக் கணினி மட்டும் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் நேராகப் புதிய சர்வருக்குப் போகும். தளம் சரியாக ஓடுகிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடலாம். பார்த்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் முழுக்கத் தளம் திறக்காதபோதும் உங்கள் கணினியில் மட்டும் திறந்துகொண்டே இருக்கும்.