கறளைச் சுரண்டாதீர்கள்: வீட்டில் கிடைக்கும் பழைய துவக்குகள் பற்றி

பழைய வீடு கைமாறும்போதும், முதியவர் காலமான பிறகு அறையை ஒதுக்கும்போதும்தான் எனக்கு அழைப்பு வரும். "அப்பப்பாவின் பெட்டகத்துக்குப் பின்னால் ஒரு துவக்கு இருந்தது ஐயா. எந்த நாட்டுடையது, என்ன விலை போகும்?" பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதைத் தேய்த்துவிட்டீர்களா?

கொட்டாஞ்சேனையில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு குடும்பத்தினர் காட்டிய துவக்கு பளபளவென்று மின்னியது. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கம்பித் தூரிகையாலும் உரசியிருந்தார்கள். குழலின் பின்முனையில், விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு பள்ளம் மிஞ்சியிருந்தது. கிரீடமாக இருந்திருக்கலாம். அதன் கீழே இருந்த எழுத்துதான் ஊரைச் சொல்லியிருக்கும். அது போயே போய்விட்டது.

அந்தக் கிரீடமும் எழுத்தும் சோதனை முத்திரைகள். புதுக் குழலில் வழக்கத்துக்கு மேல் வெடிமருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் குத்துவார்கள். கிரீடத்தின் கீழ் ஜி.பி., வி. என்றிருந்தால் லண்டன். குறுக்காக வைத்த இரு செங்கோல்கள் என்றால் பர்மிங்காம். அங்கே சோதனை நிலையம் ஏற்பட்டது 1813இல். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். மேலே கிரீடமும் இருந்தால் 1893க்கு முந்தியதல்ல. பக்கத்தில் 14, 16 என்று எண் இருந்தால் ஆண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தக் குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் ஒரு இறாத்தல் ஈயத்தில் எத்தனை வார்க்கலாம் என்பதே அந்தக் கணக்கு. விசையை இழுத்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறியைப் பூட்டு என்போம்; அதன் தகட்டில் 'டவர்' என்ற பெயரைக் கண்டு லண்டன் கோட்டைத் துவக்கு என்று முடிவுகட்டவும் கூடாது. ஏற்றுமதிக்காகச் செய்த மலிவுத் துவக்குகளிலும் அதைப் பொறித்தார்கள்.

பூட்டு இடப்பக்கம் இருந்து, பின்கட்டை இரண்டாகப் பிளந்து, செதுக்கு வேலையும் இருந்தால் அது இத்தீவின் கம்மாளர் கைவேலையாக இருக்கலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்ட, லெவ்கே என்ற கண்டிப் பிரதானியின் பெயர்கொண்ட பீரங்கி 2023இல் நாடு திரும்பியது. அதிலுள்ள பொறிப்பு அழியாததால்தான் அதைச் செய்வித்தவர் யார் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

கறளைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. குழலின் வாய் வழியே வெடிமருந்து இடும் துவக்குகளை நிரப்பியபடியே வைத்துவிட்ட வீடுகள் இருந்திருக்கின்றன. கருமருந்து உலர்ந்தே இருந்தால் நூறு ஆண்டு கழிந்தும் தீப்பிடிக்கும். விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், குழலுக்குள் கம்பி விடாதீர்கள், வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். பழையது என்பதால் தானாக விலக்கு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். போர்க்காலச் சோதனைகளைக் கண்ட நம் வீடுகளில் இந்தப் பயம் ஆழமானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இரவோடு இரவாக வெள்ளவத்தைக் கால்வாயில் எறிவதும், சாக்கில் சுற்றி முச்சக்கர வண்டியில் என்னிடம் கொண்டுவருவதும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல், ஒரு சட்டத்தரணியிடம் பேசிப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். அவசரமென்றால் 119.

அவர்கள் வருமுன், கை வைக்காமல், பூட்டையும் குழலின் பின்முனையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால், அது எந்த ஊரிலிருந்து யார் கையால் வந்தது என்று கேட்டு அன்றே எழுதி வையுங்கள்.