சித்திரக்கதை நாயகிக்குத் தட்டான் தரக்கூடிய ஆற்றல் எது?

அமெரிக்கச் சித்திரக்கதை என்றதும் மார்வெல், டிசி என்ற இரு பெருநிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. அவற்றின் நிழலில் நிற்காமல், சிறு முதலீட்டில் தம் விருப்பத்துக்குக் கதை வரைந்த பதிப்பகங்களும் அங்கே உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தில் பில் பிளாக் தொடங்கிய ஏசி காமிக்ஸ் அவற்றுள் ஒன்று. பெண் வீரர்களை முன்னிறுத்திய அந்தப் பதிப்பகத்தின் கதைகளில் 1980களில் 'டிராகன்ஃப்ளை' என்றொரு நாயகி வந்தாள். நாம் தட்டான் என்றும் தும்பி என்றும் அழைக்கும் பூச்சியின் பெயரைத்தான் அவள் சூடியிருந்தாள்.

பூச்சியின் ஆற்றலை மனித உடலுக்கு ஏற்றிப் பார்க்கும் கற்பனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் இவ்வகைக் கதைகளை எழுதுவோர் பெரும்பாலும் இறக்கையையும் வலிமையையும்தான் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அவை இரண்டும் பூச்சியின் சிற்றுடலோடு பிறந்தவை. உடல் பெருத்தால் கூடவே வருபவை அல்ல. உடலின் அளவைப் பொருட்படுத்தாத வேறோர் ஆற்றல் தட்டானிடம் இருக்கிறது. அதை விளக்குவதற்கு முன், இறக்கை ஏன் உதவாது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஈ, தேனீ போன்றவற்றின் பறக்கும் தசைகள் இறக்கையோடு நேரடியாக இணைந்தவை அல்ல. அவை மார்புக்கூட்டை அமுக்கி விரிப்பதால் இறக்கைகள் மேலும் கீழும் அடிக்கின்றன. தட்டானின் அமைப்பு வேறு. அதன் தசைகள் ஒவ்வோர் இறக்கையின் அடிப்பகுதியையும் நேரடியாகப் பிடித்திழுப்பதால், நான்கு இறக்கைகளையும் தனித்தனியே திருப்பவும் சாய்க்கவும் அதனால் முடிகிறது. ஒரே இடத்தில் நின்று மிதக்கும்போது முன்னிறக்கை இறங்க, பின்னிறக்கை ஏறுகிறது. சட்டென்று பாயவேண்டிய நேரத்தில் இரண்டு இணைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அடித்து உந்துவிசையைக் கூட்டுகின்றன. நொடிக்கு முப்பது நாற்பது முறை நிகழும் இந்த அசைவில் ஆற்றல் வீணாகாமல் காப்பதற்கு, ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதமும் அதன் உடலில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த டோர்க்கல் வைஸ்-ஃபோ 1960ல் இந்தப் புரதத்தை விவரித்தபோது, அவர் ஆராய்ந்த பூச்சிகளில் வெட்டுக்கிளியோடு தட்டானும் இருந்தது.

இப்போது ஒரு கணக்கு. 7 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 1 கிராம் எடையும் உள்ள பெரிய தட்டான் ஒன்றை, அதன் உருவ விகிதம் மாறாமல் 24 மடங்கு நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். நீளம் 1 மீட்டர் 68 செ.மீ. ஆகும், ஒரு பெண்ணின் உயரம். இறக்கையின் பரப்பு 24ஐ இருமுறை பெருக்கியதற்கு ஏற்ப 576 மடங்காகும்; எடையோ மும்முறை பெருக்கியதற்கு ஏற்ப 13,824 மடங்காகி, 14 கிலோவை நெருங்கும். ஆகவே இறக்கையின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் முன்னைவிட 24 மடங்கு சுமையைத் தாங்கியாக வேண்டும். உருவம் பெருக்கும்போது பரப்பு பின்தங்கி எடை முந்திவிடும் என்னும் இந்த உண்மையைக் கலிலியோ 1638லேயே எலும்புகளை எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார்.

சுமையோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. மிதப்பதற்குத் தேவைப்படும் திறன், உடல் பெருக்கப் பெருக்க எடையைவிட விரைவாகக் கூடுகிறது. தசை தரும் திறனோ, நீண்ட இறக்கைகளால் மெதுவாகத்தான் அடிக்க முடியும் என்பதால், எடையைவிட மெதுவாகவே கூடுகிறது. நம் கணக்கில் இவ்விரண்டுக்கும் இடையே விழும் பள்ளமும் மிகப் பெரியது. தட்டானின் தசையில் கையிருப்பாக உள்ள உபரித் திறன் இதற்கு ஈடாகாது. நாயகியின் எடையும் 14 கிலோவில் நிற்கப்போவதில்லை. பறக்கும் பறவைகளில் மிகவும் கனத்தவையான, கானமயிலின் உறவினப் பறவைகளே 20 கிலோவை ஒட்டி நின்றுவிடுகின்றன.

மூச்சும் தடையாகும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது; உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகளின் வழியே காற்று நுழைந்து, நுண்ணிய குழல்களில் பரவி, நேராகத் திசுக்களைச் சென்றடைகிறது. இந்த ஏற்பாடு குறுகிய தொலைவுக்கே பொருந்தும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, தட்டானின் உறவினமான மெகனியூராவின் இறக்கை விரிப்பு 65 செ.மீ. அளவுக்கு இருந்தது; அக்காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட மிகுந்திருந்ததே அதற்குக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். அந்தப் பேருருவமும் ஒரு மனித உடலுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதே.

ஆகவே இறக்கையை விட்டுவிட்டு வேட்டைக்கு வருவோம். குளக்கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சியின் நுனியில் தட்டான் அமர்ந்திருப்பதை ஒருமுறை நெருங்கி உட்கார்ந்து பார்க்கவேண்டும். உடல் அசையாது, தலை மட்டும் சிறிது சாய்ந்து, சிறிது திரும்பி, மேலே பறக்கும் கொசு ஒன்றைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். திடீரெனக் குச்சி வெறுமையாகிவிடும். நாம் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் அது அதே நுனிக்குத் திரும்பி, வாயை அசைபோட்டபடி அமர்ந்திருக்கும். முள்ளடர்ந்த ஆறு கால்களையும் கூடைபோலக் குவித்து இரையை அள்ளிக்கொண்டு வந்திருக்கும். ராபர்ட் ஓல்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பாய்ந்தவற்றுள் 100க்கு 97 பாய்ச்சல்கள் வெற்றி பெற்றிருந்தன. சிங்கம் பல முறை துரத்தினால்தான் ஒரு முறை இரை கிடைக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த வெற்றியின் அடிப்படை, இரையை அது துரத்துவதில்லை என்பதுதான். இரை இப்போது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, இன்னும் சற்று நேரத்தில் அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கித் தட்டான் பறக்கிறது. கடலில் எதிரே வரும் கப்பல், நம்மிடமிருந்து பார்க்கும் திசை மாறாமலே நெருங்கிக்கொண்டிருந்தால் மோதல் உறுதி என்பது மாலுமிகளுக்குத் தெரிந்த பாடம். மாலுமி அஞ்சித் தவிர்க்கும் அந்த நிலையைத்தான் தட்டான் வேண்டிப் பெறுகிறது: இரை தன் பார்வையில் திசை மாறாதபடி பறந்துகொண்டே இருந்தால், இருவரும் ஒரு புள்ளியில் சந்தித்தே தீரவேண்டும். எல்லைக்கோட்டருகே உயரப் பந்தைப் பிடிக்க ஓடும் ஃபீல்டரும் பந்தின் பின்னால் ஓடுவதில்லை. அது விழும் இடத்துக்கே ஓடுகிறார்.

இதற்குத் தேவையான செய்தியைக் கூட்டுக்கண் தருகிறது. பெரிய இனங்களில் ஒரு கண்ணில் 30,000 வரை சிறு வில்லைகள் உண்டு. அவற்றுள் மேல்நோக்கியவை கூர்மை மிக்கவை. கீழிருந்து பார்க்கும்போது வெளிறிய வானத்தின்மீது கொசு ஒரு கரும்புள்ளியாகத் தெரியும் என்பதால்தான் தட்டான் பெரும்பாலும் இரைக்குக் கீழிருந்தே தாக்குகிறது. அந்தப் புள்ளி எத்திசையில் நகர்கிறது என்பதைத் தலையிலிருந்து இறக்கைத் தசைகளின் நரம்பு மையத்துக்கு எடுத்துச்செல்பவை வெறும் 16 நரம்பணுக்கள், பக்கத்துக்கு எட்டு. பலோமா கோன்சாலெஸ்-பெல்லிடோவின் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வு, இரையின் திசையை இந்தப் பதினாறும் கூட்டாகத் துல்லியமாகக் குறிக்கின்றன என்று காட்டியது. இத்தனை சிக்கனமான ஒரு வழிகாட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நரம்பிலும் தாமதம் உண்டு. கண்டதற்கு உடல் பதில் தருவதற்குள் சில பத்து மில்லி நொடிகள் கழிந்துவிடும். பாய்ச்சலே அரை நொடிக்குள் முடிந்துவிடும்போது அந்தத் தாமதம் பெரிது. அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதை அறிய, வர்ஜீனியாவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் ஆன்டனி லியோனார்டோவின் குழு தட்டானின் தலையிலும் உடலிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் மிகச்சிறு குறிகளை ஒட்டி, அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்தது. 2015ல் வெளியான முடிவு இதுதான்: தன் உடல் திரும்பினால் காட்சி எவ்வளவு நகரும், இரை எவ்வளவு நகரும் என்பவற்றை முன்கூட்டியே கணித்து, அதற்கு ஈடாகத் தலையைத் திருப்பி, இரையின் பிம்பத்தைக் கண்ணின் கூர்மையான பகுதியிலேயே நிறுத்திக்கொள்கிறது. உடல் எப்படிப் புரண்டாலும் பார்வை இரையை விட்டு விலகாது. எதிர்பார்த்ததற்கு மாறாக இரை திரும்பினால் மட்டும் கண் சொல்லும் செய்தி அந்தக் கணிப்பைத் திருத்துகிறது.

கொசுக்கள் கூட்டமாகப் பறந்தால் என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வீடர்மேனும் டேவிட் ஓ'கேரலும் தட்டானின் ஒரு நரம்பணுவில் பதிவெடுத்தபடி, நகரும் இரண்டு புள்ளிகளை அதற்குக் காட்டினார்கள். அந்த நரம்பணு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றது இல்லவே இல்லை என்பதுபோலத் துடித்தது.

இந்த ஆற்றலுக்கு 24 மடங்குக் கணக்கு தடையில்லை. திசையைக் காப்பதும் முன்கணிப்பதும் ஒரு கிராம் உடலுக்கும் 55 கிலோ உடலுக்கும் ஒரே கணக்குதான். ஆகவே நான் வரைய விரும்பும் நாயகிக்கு இறக்கை இருக்காது. நெரிசலான கடைத்தெருவில் பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். நூறு தலைகளுக்கு நடுவே அவன் ஒருவன்மீதே அவள் பார்வை நிலைத்திருக்கிறது. அவன் பின்னால் அவள் ஓடவில்லை. முகம் அவன் பக்கமே இருக்க, கால்கள் மட்டும் பக்கத்துச் சந்துக்குள் விரைகின்றன. அவன் திரும்பும் முனையில் அவள் ஏற்கெனவே நிற்கிறாள்.