கண்ணாடிக்குள் உலோகம்: கலவையா, பொதிவா?

கண்ணாடித் தகடுகளை அடுக்கி, இடையில் செம்புத் தாளோ வெள்ளிக் கம்பியோ வைத்து, சூளையில் சுட்டு ஒன்றாக்கும் கலைக்குத் தமிழில் 'உலோகக் கலவைக் கண்ணாடி' என்ற பெயர் வேரூன்றிக்கொண்டு வருகிறது. அண்மையில் ஒரு செய்முறைக் குறிப்பில் 'உலோகம் உருகிக் கண்ணாடியுடன் கலக்கும்வரை சூடாக்கவும்' என்று படித்தேன். பொறுமை போய்விட்டது. பெயரில் இருந்த பிழை செய்முறைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மூலச் சொல் ஆங்கிலத்தின் 'இன்க்ளூஷன்' (inclusion). லத்தீனில் 'உள்' என்ற முன்னொட்டும் 'மூடு' என்ற வினையும் சேர்ந்து பிறந்தது. உள்ளே வைத்து மூடப்பட்ட பொருள் என்பதே அதன் நேர்ப்பொருள். கனிமவியலில் படிகத்துக்குள் அகப்பட்ட அயற்பொருளுக்கும் இதே பெயர்தான். இதில் கலத்தல் என்ற கருத்து எங்கிருந்து நுழைந்தது என்றுதான் விளங்கவில்லை.

தமிழில் 'உலோகக் கலவை' என்றால் பித்தளை, வெண்கலம் போன்றவைதாம்; பள்ளிப் பாடநூலிலேயே அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. இரண்டு உலோகங்கள் உருகி ஒன்றில் ஒன்று கரைவதற்கு உரிய சொல் அது. சூளையில் நடப்பதோ வேறு. தகடுகள் முழுமையாக ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் போதும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். தங்கத்துக்கு 1064, வெள்ளிக்கு 962. கண்ணாடி இளகி உலோகத்தைச் சுற்றி மூடிக்கொள்கிறது. உலோகம் திடமாகவே கிடக்கிறது. சுடுவதற்கு முன் செம்புத் தாளில் ஊசியால் இழுத்த கோடு, சுட்டு ஆறிய பிறகும் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும். உருகிக் கலந்த பொருளில் அந்தக் கோடு எப்படி மிஞ்சும்? செம்பு உருகட்டும் என்று வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் கண்ணாடி குழம்பாகி ஓடிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டும் போகும், வேலையும் போகும்.

இன்னொரு கேடும் உண்டு. ஆறும்போது கண்ணாடி சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு செம்பு சுருங்கும். அதனால்தான் மெல்லிய தாளையும் நுண்கம்பியையும் பயன்படுத்துகிறார்கள். அவை கண்ணாடியின் இழுப்புக்கு இடம் கொடுத்துவிடும். தடித்த தகட்டை வைத்தால் கண்ணாடி விரிசல் விடும், சில வேளை நாட்கள் கழித்தும் விடும். இரண்டும் தனித்தனிப் பொருளாகவே இருந்து மல்லுக்கு நிற்கின்றன என்பதுதான் இக்கலையின் முதல் பாடம். 'கலவை' என்ற சொல் அந்தப் பாடத்தையே மறைத்துவிடுகிறது.

வெள்ளியைக் காட்டிச் சிலர் மறுக்கலாம். வெள்ளித் தாளைச் சுற்றிச் சில கண்ணாடிகளில் மஞ்சள் சாயம் படர்வது உண்மை. வெள்ளி அயனிகள் சிறிதளவு கண்ணாடிக்குள் ஊறுவதால் வரும் நிறம் அது. ஊறியது மிகச் சிறிதே. தாள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

உண்மையிலேயே உலோகம் கலந்த கண்ணாடி என்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைகர்கஸ் கிண்ணம், 4ஆம் நூற்றாண்டு ரோமானிய வேலை. பொன்னும் வெள்ளியும் நானோ துகள்களாகக் கண்ணாடி முழுவதும் பரவியிருப்பதால், வெளியே ஒளி பட்டால் பச்சையாகவும் உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் தெரியும். அதைக் கலவை என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். அதே நூற்றாண்டு ரோமானியர் பொன் ரேக்கில், அதாவது அடித்து மிக மெல்லிதாக்கிய பொன் தாளில், உருவம் வெட்டி இரு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே வைத்து மூடியும் கலங்கள் செய்தார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் அவற்றின் அடிப்பாகங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பவர் எதைத்தான் விளக்கப் போகிறார்?

மற்ற முயற்சிகளும் சரியில்லை. 'சேர்க்கை' என்றால் மாணவர் சேர்க்கை நினைவுக்கு வரும். 'உள்ளடக்கம்' நூலின் முதற்பக்கத்துக்குப் போய்விடும். 'பதித்தல்' ஓரளவு நெருங்குகிறது. ஆனால் கல் பதித்த மோதிரத்தில் கல் மேலே தெரிய வேண்டும், விரலால் தொட வேண்டும். இங்கே உலோகத்தைத் தொட முடியாது.

பொதிதல் என்ற வினை நம்மிடம் இருக்கிறது. உள்ளே வைத்து மூடுதல், மறைத்துக் காத்தல் என்பது அதன் பொருள். 'பொன்போற் பொதிந்து' என்கிறது குறள் (155). பொருள் பொதிந்த பேச்சு என்று இன்றும் சொல்கிறோம். லத்தீன் மூலத்தில் உள்ள 'உள்', 'மூடு' இரண்டும் இந்த ஒரே வினையில் அடங்கிவிட்டன. பொதி என்றாலே கழுதை சுமக்கும் மூட்டைதான் தோன்றும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வாதிட்டார். மூட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் உள்ளே வைத்துக் கட்டுவதால்தானே!

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள குறை இதுதான்: அகராதியின் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை. 'தங்க இலை' என்று எழுதுகிறார்கள். ரேக்கு என்ற சொல் இருப்பதே தெரியவில்லை. 'கண்ணாடி உலைக்கலை' என்கிறார்கள். கண்ணாடியை உருக்கி வைத்திருக்கும் இடம் உலை, ஊதிச் செய்பவர்களுக்கு உரியது. தகட்டை அடுக்கி மூடிவைத்து மெல்லச் சுட்டு, மெல்ல ஆறவிடும் இடம் சூளை.

ஆகவே செம்பு பொதிந்த கண்ணாடி, வெள்ளிப் பொதிவு, கம்பிவலைப் பொதிவு என்று எழுதலாம். உள்ளே வைக்கும் பொருளைப் பொதுவாகச் சொல்லப் 'பொதிபொருள்' போதும். கலையின் பெயர் 'உலோகம் பொதிந்த சூளைக் கண்ணாடி'. நீளம்தான், ஆனால் புதிதாகக் கற்க வருபவர் அதைப் படித்துச் செம்பை உருக்கப் போகமாட்டார்.