பனிமூட்டத்துல கொழுந்து தேடுற விரல் மாதிரி ஒரு ஊசி

தலவாக்கலை பக்கம் காலையில பனிமூட்டம் எறங்கிட்டா எதுத்த தேயிலைச் செடி கூட சரியா தெரியாது, ஆனாலும் அம்மா கை நிக்காது, எது கொழுந்து எது முத்தல்னு விரலே தொட்டுச் சொல்லிரும். ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்பும் அப்படித்தான், பேருதான் மைக்ரோஸ்கோப், பாக்குறதுக்கு லென்ஸே கெடையாது. 1981ல சூரிச் பக்கம் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் செஞ்சாங்க, 1986ல நோபல் பரிசு கெடச்சிச்சு.

நுனியில ஒரே ஒரு அணு நீட்டிக்கிட்டு நிக்கிற அளவுக்கு கூரான ஊசி. அத உலோகப் பரப்புக்கு ஒரு நானோமீட்டர் தூரத்துக்குள்ள கொண்டு போய் சின்னதா ஒரு வோல்டேஜ் குடுத்தா, தொடாமலே எலக்ட்ரான் தாண்டி கரண்ட் ஓடும். ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா ஒரு துண்டுதான் நானோமீட்டர், அதுலயும் பத்துல ஒரு பங்கு ஊசி வெலகினாலே கரண்ட் பத்துல ஒண்ணா எறங்கிரும், அதனால ரோட்டுல லொறி போற அதிர்வு கூட அண்டாம கருவிய பாதுகாக்கணும். கரண்ட மாறாம வச்சிக்கிட்டு ஊசி ஏறி எறங்குறத குறிச்சா பரப்போட மேடு பள்ளம் கெடச்சிரும்.

இதே ஊசி கட்டவும் செய்யும், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் அதுதான். 1993ல டான் ஐக்லர் குழு செம்பு மேல 48 இரும்பு அணுவ ஒவ்வொண்ணா நகத்தி வட்டமா நிறுத்தினாங்க. ஆனா அது கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி குளிர்ல, சூடு ஏறினா அணுவெல்லாம் எடம் மாறிப் போயிரும்.

அறைச் சூட்டுல நிக்கிற மாதிரி வேணும்னா அணுவ ஒவ்வொண்ணா இல்லாம குவியலா வைக்கணும். ஒரு வழி தங்க ஊசி, சில வோல்ட் துடிப்பு ஒண்ணு குடுத்தா நுனியில இருந்து தங்கம் பேந்து பரப்புல ஒரு புள்ளியா ஒட்டிக்கும்.

ஜெர்மனி உல்ம்ல டீட்டர் கோல்ப் குழு 1997ல காட்டுன வழி இன்னும் அழகு. ஊசியும் தங்கப் பரப்பும் செம்பு உப்புக் கரைசலுக்குள்ள இருக்கும், ஊசியோட வோல்டேஜ சரியா வச்சா கரைசல்ல உள்ள செம்பு நுனியில படிஞ்சிக்கிட்டே இருக்கும், ஊசிய பரப்புக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட எறக்கினா செம்பு அணுவெல்லாம் தாவி ரெண்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி ஆயிரும், ஊசிய தூக்கினா பாலம் அந்துபோய் கீழ ஒரு குட்டிக் குவியல் நிக்கும். நுனியில போன செம்ப கரைசலே திரும்ப நெரப்பிரும், அதுக்குள்ள ஊசி அடுத்த எடத்துக்குப் போயிரும்.

எல்லாம் வச்சி முடிச்சதும் அதே ஊசி கொஞ்சம் மேல நின்னு, வச்ச எடத்தையெல்லாம் திரும்ப தடவிப் பாக்கும்.