டிசம்பர் 25-இல் பிறந்த தெய்வங்கள்: பட்டியலும் சான்றுகளும்

கண்ணன் ஒரு கன்னியின் வயிற்றில் பிறந்து, சிலுவையில் அறையப்பட்டு இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று யாராவது எழுதினால் நம் ஊரில் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். தேவகிக்கு அவர் எட்டாவது பிள்ளை என்பதும், பிறந்தது ஆவணி அட்டமியில் என்பதும், ஜரா என்னும் வேடன் எய்த அம்பு பாதத்தில் தைத்ததால் மண்ணுலக வாழ்வை முடித்துக்கொண்டார் என்பதும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் 1875-இல் கெர்சி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட நூல், சிலுவையில் மாண்ட பதினாறு இரட்சகர்கள் என்று ஒரு வரிசையை அடுக்கி, அதில் கண்ணனையும் சேர்த்தது. அந்த வரிசையின் வழித்தோன்றல்கள்தான் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நம் கைப்பேசிகளுக்கு வந்து சேர்கின்றன. எகிப்தின் ஹோரஸ், பாரசீகத்தின் மித்ரா, பிரிஜியாவின் அட்டிஸ், கிரேக்கத்தின் டயோனிசஸ், இந்தியாவின் கண்ணன், கடைசியாக இயேசு. எல்லோருக்கும் டிசம்பர் 25, கன்னித் தாய், பன்னிரண்டு சீடர்கள், சிலுவை, மூன்றாம் நாள். எல்லோரும் சூரியனே என்பது முடிவு.

கல்லூரியில் பண்டைய உலக வரலாறு கற்பிப்பதால், இந்தப் பட்டியல் என் வகுப்பறைக்கும் தவறாமல் வருகிறது. சில மாணவர்கள் அதை வெற்றிக் களிப்போடு காட்டுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வரும் சிலர், சிறு வயது முதல் தாங்கள் வணங்கியது இரவல் கதையோ என்ற கலக்கத்தோடு, வகுப்பு முடிந்த பிறகு தனியே வந்து கேட்கிறார்கள். இரு சாராரிடமும் நான் காண்பது ஒன்றுதான். கண்ணனைப் பற்றிய வரியைப் படித்ததும் "இது தவறு" என்று சொல்லிவிடுகிற அவர்கள், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். தெரிந்த கதையில் பொய் சொன்னவர் தெரியாத கதையில் மட்டும் உண்மை சொல்லியிருப்பார் என்று எண்ணுவதற்குக் காரணம் ஏதும் இல்லை. ஆகவே, அத்தகைய பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அச்செய்தி எந்தக் கல்வெட்டில், எந்தச் சுவடியில், எந்தச் சிற்பத்தில் இருக்கிறது, அது எந்தக் காலத்தது என்று எழுதி வரச் சொல்கிறேன். நூலகத்தில் சில நாள்கள் செலவழித்துத் திரும்பும்போது, பெரும்பாலான வரிகளுக்கு எதிரே வெற்றிடமே இருக்கும்.

ஹோரஸிலிருந்து தொடங்குவோம். அவருடைய தாய் ஐசிஸ் கன்னி அல்லர், ஒசைரிஸின் மனைவி. ஒசைரிஸைத் தம்பி சேத் கொன்றுவிட, இறந்த கணவனின் உடலிலிருந்தே ஐசிஸ் கருவுற்றார் என்பதை, ஏறத்தாழ கி.மு. 2350 முதல் சக்காராவின் பிரமிடுகளுக்குள் செதுக்கப்பட்ட வாசகங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. அபிடோஸில் முதலாம் சேத்தி மன்னன் கட்டிய கோயிலில், ஐசிஸ் பருந்து வடிவில் கணவனின் உடல்மீது இறங்குவதைக் காட்டும் புடைப்புச் சிற்பம் உண்டு. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கதையை முழுமையாக எழுதிவைத்தபோது, ஒசைரிஸின் உடல் பதினான்கு துண்டுகளாக்கப்பட்டதையும், ஆண்குறியை மீன்கள் தின்றுவிட்டதால் ஐசிஸ் அதற்கு மாற்று ஒன்று செய்ததையும் குறிப்பிட்டார். கருவுறுதலை இத்தனை வெளிப்படையாகப் பேசும் கதையைக் கன்னிப் பிறப்பு என்று அழைக்க வேண்டுமென்றால், கதையையே படிக்காமல் இருந்தாக வேண்டும்.

ஹோரஸ் சிலுவையில் அறையப்பட்டதாகச் சொல்லும் எகிப்தியச் சான்று எதுவும் கிடையாது. அவருடைய சாவுக்கு மிக நெருங்கி வரும் கதை, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளதுமான மெட்டெர்னிக் கல்லில் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் ஒளித்துவைக்கப்பட்ட குழந்தை ஹோரஸ் தேள் கொட்டி உணர்விழந்து கிடக்க, ஐசிஸின் ஓலம் கேட்டுச் சூரியனின் படகே வானில் நின்றுவிடுகிறது. தோத் தெய்வம் இறங்கிவந்து நஞ்சை இறக்குகிறார். விஷக்கடிக்கு மந்திரமாகப் பயன்பட்ட அந்தக் கதை மிக அழகானது. அதில் சிலுவையும் இல்லை, கல்லறையும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. பன்னிரண்டு சீடர்களைத் தேடிப் போனால், உடலின் உள்ளுறுப்புகள் வைக்கப்பட்ட ஜாடிகளைக் காக்கும் ஹோரஸின் நான்கு மகன்கள்தான் கிடைக்கிறார்கள். பன்னிரண்டு என்ற எண்ணோ பாதாள உலக நூல்களில் இரவின் மணிகளாக வருகிறது.

பிறந்த நாளைப் பொறுத்தவரை நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை வடிவ ஹோரஸ் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகலை, ஒட்டிப் பிறந்ததாகப் புளூட்டார்க் ஓரிடத்தில் எழுதுகிறார். அதே நூலில், மூத்த ஹோரஸ் ஆண்டின் முடிவில் சேர்க்கப்படும் ஐந்து நாள்களுள் இரண்டாம் நாளில் பிறந்தார் என்றும் சொல்கிறார். அந்த நாள்கள் நைல் பெருகும் கோடைக்காலத்துக்கு உரியவை. முதல் குறிப்பை மட்டும் எடுத்துக் காட்டுபவர்கள், அது இயேசுவின் காலத்துக்குப் பின் எழுதப்பட்டது என்பதையும், அதில் டிசம்பர் 25 என்ற தேதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்த ஒற்றுமைகள் எங்கிருந்து முளைத்தன? பெரும்பகுதிக்கு ஊற்று ஜெரால்ட் மாசி (1828–1907) என்ற ஆங்கிலக் கவிஞர். முறையான கல்விப் பின்புலம் இல்லாமல், தம் முயற்சியாலேயே எகிப்தியவியலில் மூழ்கியவர் அவர். அந்த உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் எகிப்தியச் சடங்குகளை அவர் கிறிஸ்தவச் சொற்களிலேயே விவரித்தார். மன்னன்மீது தெய்வங்கள் தூய்மை நீர் ஊற்றும் காட்சி ஞானஸ்நானம் ஆனது, உடன் நிற்பவர்கள் சீடர்கள் ஆனார்கள். பெயர்த்து எழுதியவர் இட்ட சொல்லையே சான்றாகக் கொண்டு, இரண்டும் ஒன்றுபோல் இருப்பதாகப் பின்வந்தவர்கள் வியந்தார்கள். லக்சோர் கோயிலில் மூன்றாம் அமென்ஹோதெப்பின் பிறப்பைக் காட்டும் சிற்ப வரிசைக்கும் இதே கதிதான். அது ஹோரஸைப் பற்றியதே அன்று. அமூன் தெய்வம் அரசியோடு கூடியதை அதிலுள்ள எழுத்துகள் மறைக்காமல் சொல்கின்றன. ஆயினும் கிறிஸ்து பிறப்பின் எகிப்திய மூலம் என்ற தலைப்போடு அந்தப் படம் இன்றும் சுற்றிவருகிறது.

மித்ராவின் நிலை சற்றுச் சிக்கலானது. அந்தப் பெயர் மிகப் பழையது. ரிக் வேதத்தின் மித்திரன், மேற்காசியாவின் மித்தன்னி அரசு கி.மு. பதினான்காம் நூற்றாண்டில் செய்த உடன்படிக்கையில் சாட்சியாக அழைக்கப்படும் மித்திரன், ஈரானிய மித்ரா ஆகியோர் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள். ஆனால் பட்டியலில் இடம்பெறுபவர் ரோமப் படைவீரர்களும் வணிகர்களும் நிலவறைக் கோயில்களில் வணங்கிய மித்ராஸ். அந்த வழிபாட்டின் தொல்லியல் தடயங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியத் தொடங்குகின்றன. அவர் பாறையிலிருந்து வளர்ந்த உடலோடு வெளிப்படுகிறார். கன்னித் தாய் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அவர் இறந்ததாகவும் எந்தச் சிற்பமும் காட்டவில்லை. இறப்பது அவர் கையால் குத்துண்ட காளை. அந்தக் காட்சியைச் சுற்றி வளைவாகச் செதுக்கப்பட்ட பன்னிரண்டு இராசிகளைத்தான் பட்டியலாசிரியர்கள் சீடர்களாக்கிவிட்டார்கள். இந்த வழிபாட்டினர் தம் நம்பிக்கைகளை விளக்கும் நூல் ஒன்றையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் குமோன் 1890-களில் தொகுத்தளித்த விளக்கமே நெடுங்காலம் முடிந்த முடிவாக இருந்தது. 1971-இல் மான்செஸ்டரில் கூடிய ஆய்வாளர் மாநாட்டில் அதன் அடிப்படைகள் கடுமையாகக் கேள்விக்குள்ளாயின. பட்டியலோ அந்த மாற்றத்தை இன்னும் அறியவில்லை.

டிசம்பர் 25 தனியாகவே பேசத்தக்கது. நற்செய்தி நூல்கள் எதிலும் இயேசு பிறந்த தேதி இல்லை. ஏறத்தாழ கி.பி. 200-இல் எழுதிய அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, சிலர் மே மாதத்திலும் சிலர் ஏப்ரலிலும் அந்த நாளைக் குறித்ததாகச் சொல்கிறார். டிசம்பர் 25 அவர் பட்டியலில் இல்லை. இந்தத் தேதிக்கு நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பழஞ்சான்று, கி.பி. 354-இல் உரோமைச் செல்வர் ஒருவருக்காக உருவாக்கப்பட்ட ஆண்டுத் தொகுப்பு. வியப்பு என்னவென்றால், அதன் ஒரு பகுதியான நாட்காட்டி அந்த நாளை "வெல்லப்படாதவரின்" (சூரியத் தெய்வத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் அடைமொழி) பிறந்த நாள் என்று குறித்து, முப்பது தேரோட்டங்கள் நடக்கும் என்கிறது. 336-ஐச் சேர்ந்த மற்றொரு பகுதி அதே நாளில் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. பேரரசர் அவுரேலியன் 274-இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது உண்மை. அது டிசம்பர் 25-இல் திறக்கப்பட்டது என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. ஆகவே சூரிய விழாவின் இடத்தில் கிறிஸ்து பிறப்பு வைக்கப்பட்டதா, அல்லது மார்ச் 25-இல் இயேசு கருவில் உருவானார் என்ற கணக்கிலிருந்து ஒன்பது மாதம் கூட்டி இந்த நாள் வந்ததா என்பதில் அறிஞர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். மார்ச் 25 பற்றிய அந்த நம்பிக்கையைப் புனித அகுஸ்தீன் எழுதியே வைத்திருக்கிறார். உரோமை வழக்கத்தில் மார்ச் 25 சம இரவு நாளாகவும் டிசம்பர் 25 கதிர்த்திருப்ப நாளாகவும் கருதப்பட்டதால், இரு விளக்கங்களிலும் சூரியனின் நிழல் விழுகிறது என்பதே என் கருத்து. மித்ராஸின் பிறந்த நாள் இது என்பதற்கு மட்டும் சான்றே இல்லை.

விண்மீன் வாதங்களை நீட்டத் தேவையில்லை. சூரியன் மூன்று நாள் தென் சிலுவை விண்மீன் கூட்டத்தில் மாள்கிறது என்கிறார்கள். பண்டைய வானியலாளர் தாலமி அந்த விண்மீன்களைக் குதிரை மனிதன் கூட்டத்தின் பகுதியாகவே எண்ணினார், சிலுவை என்று அவை தனியாகப் பெயர்பெற்றது பதினாறாம் நூற்றாண்டில். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்கள் ஒரயன் விண்மீன்கள் என்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் வருபவர்கள் ஞானிகள், அவர்கள் மூவர் என்றும் அதில் இல்லை.

எனினும் சூரியனுக்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பே இல்லை என்று மறுபக்கத்தில் சிலர் அடித்துச் சொல்வதும் உண்மைக்கு மாறானது. வத்திக்கானில் பேதுரு பெருங்கோயிலுக்கு அடியிலுள்ள கல்லறைத் தொகுதியில், தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச, குதிரை பூட்டிய தேரில் செல்லும் உருவம் ஒன்று மொசைக் கற்களால் அமைக்கப்பட்டிருக்கிறது. அதே அறையில் விவிலியத்தின் யோனாவும், கிறிஸ்துவைக் குறிக்கும் நல்ல மேய்ப்பரும் இருப்பதால், அது கிறிஸ்துவையே குறிப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 321-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தபோது அதைச் சூரியனின் வணக்கத்துக்குரிய நாள் என்றே சட்டத்தில் எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, பேதுரு கோயில் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதிக்கும் சூரியனை வணங்குவதைக் கண்டித்துப் பேசினார். யூதர்களும் இதற்கு விலக்கல்லர்: திபேரியாவுக்கு அருகே நான்காம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்றின் தரையில் பன்னிரண்டு இராசிகளின் நடுவே சூரியத் தேர் இருக்கிறது. யூத மறைநூலான மல்கியாவில் "நீதியின் சூரியன்" என்ற சொல்லாட்சி ஏற்கெனவே இருந்தது. புழக்கத்தில் இருந்த படிமத்தைத் தம் இறைவனுக்குச் சூட்டுவது வேறு. கதையையே களவாடி ஓர் ஆளைக் கற்பனை செய்வது வேறு. முன்னதற்குச் சான்றுகள் நிறைய உண்டு, பின்னதற்கு இல்லை.

மறுப்பவர்களின் இன்னொரு பிழை, மற்ற மதத்தினர்தான் கிறிஸ்தவத்தைப் பார்த்து நகலெடுத்தார்கள் என்பது. ஒசைரிஸின் கதை நற்செய்திகளைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இறந்து மீளும் தெய்வங்கள் என்ற வகையை ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890 முதல் பரப்பினார். அமெரிக்க அறிஞர் ஜொனதன் ஸ்மித் 1987-இல் அந்த வகையையே மறுத்தார். சுவீடன் அறிஞர் டிரிக்வே மெட்டிங்கர் 2001-இல், அத்தகைய தெய்வங்கள் சில கிறிஸ்தவத்துக்கு முன்பே இருந்தன என்று மீண்டும் நிறுவ முயன்றார், ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதல் நம்பிக்கை அவற்றிலிருந்து பிறந்ததற்குச் சான்று இல்லை என்றும் அவரே எழுதினார். கலக்கத்தோடு வரும் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன்: பட்டியல் பொய் என்பதால் மட்டும் நற்செய்தி மெய்யாகிவிடாது, அது தனிக் கேள்வி, அதற்கு வேறு சான்றுகளையும் வேறு மனநிலையையும் கொண்டுதான் விடை தேட வேண்டும்.

முறையிலேயே உள்ள கோளாறை 1827-இல் பிரான்சின் அஜான் நகர நூலகர் ழான்-பத்தீஸ்த் பெரேஸ் ஒரு சிறு நூலால் காட்டினார். நெப்போலியன் என்று ஒருவர் வாழவே இல்லை, அவர் சூரியனே என்று அவர் வாதிட்டார். பெயர் அப்போலோவை ஒத்தது. தாய் லெத்தீசியா, அப்போலோவின் தாய் லெத்தோ. நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள். பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு இராசிகள். கிழக்கே எகிப்திலிருந்து எழுந்துவந்து மேற்குக் கடலில் மறைந்தார். நெப்போலியன் செயின்ட் ஹெலனா தீவில் இறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. இந்த வாதத்தை வகுப்பில் படித்துக் காட்டிய பிறகு, எண்களின் பொருத்தம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று நான் விளக்கவேண்டி வருவதில்லை.

பட்டியலால் இழப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று எண்ணக்கூடாது. ஹோரஸை இயேசுவின் முன்மாதிரியாக மட்டுமே அறிந்தவருக்கு, எகிப்தியர் அறிந்த ஹோரஸ் கிடைக்காமலே போகிறார். டப்லினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தின் பாப்பிரஸ் சுவடி ஒன்றில், ஏறத்தாழ கி.மு. 1150-இல் எழுதப்பட்ட அவருடைய நீண்ட கதை இருக்கிறது. தந்தையின் அரியணைக்காகச் சிற்றப்பன் சேத்தோடு தெய்வங்களின் மன்றத்தில் எண்பது ஆண்டுகள் வழக்காடிய இளைஞன் அவர். நடுவர்கள் நாளுக்கொரு பக்கம் சாய்கிறார்கள், தாய் ஐசிஸ் தந்திரத்தால் வழக்கைத் திருப்புகிறார், இறுதியில் வாரிசுரிமை நிலைநாட்டப்படுகிறது. மொழிபெயர்ப்புகள் எளிதில் கிடைக்கின்றன. பட்டியலைக் கொண்டுவரும் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.